அம்போன்சாவின் அகல நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டுக் கதவு தட்ட வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் பிராகோ மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்தில் கிடந்த நாற்காலிகளைத்தான் பார்த்தாள். ஆறு நாற்காலிகள். மரம் இன்னும் ஐம்பது வருஷம் உழைக்கும். மெத்தைகள்தான் மானத்தை வாங்கின. ஒன்றில் உட்கார்ந்தால் அடிச்சட்டம் தொடையில் குத்தும். இன்னொன்றின் உறை கிழிந்து மஞ்சள் நுரைத்தூள் தரையில் உதிர்ந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்துவிட்டு எழுந்தவர்கள் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டுதான் போவார்கள்.

புது நாற்காலிகள் வாங்கும் பேச்சே இல்லை. அவள் தக்காளி விற்கிறவள். ஹர்மட்டான் என்கிற வறண்ட புழுதிக்காற்று வீசும் மாதத்தில் தக்காளி விலை ஏறும், வரத்துக் குறையும், கையில் ஒன்றும் நிற்காது. ஆனால் அவளிடம் ஒரு கால்மிதித் தையல் இயந்திரமும் ஒரு வாயும் இருந்தன. அவள் பேரம் பேசத் தொடங்கினால் கெஜேத்தியா சந்தையில் பக்கத்துக் கடைக்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கேட்ட விலைக்கு எதையும் அவள் வாங்கியதே கிடையாது. பாதிரியார் ஜெபத்தை நீட்டினால் அவரிடமும் பேரம் பேசுவாள் என்று செத்துப்போன புருஷன் அம்போன்சா கேலி செய்வான்.

அன்றே பட்டறைகள் நிறைந்த சுவாமேக்குப் போய், கார் இருக்கை தைக்கிறவர்களிடம் வெட்டி ஒதுக்கிய நுரைத் துண்டுகளை வாரிக்கொண்டு வந்தாள். பஞ்சரான டயர் டியூப் இரண்டு அவர்களே சும்மா கொடுத்தார்கள், இவளை அனுப்பிவிட்டால் போதும் என்று. சந்தையில் பழைய துணி மூட்டை பிரிக்கிற இடத்தில் பச்சை நிறத்தில் கனமான ஜன்னல் திரைகள் கிடைத்தன. கப்பலில் வருகிற அந்தத் துணிகளுக்கு எங்கள் ஊரில் 'வெள்ளைக்காரன் செத்துட்டான்' என்றுதான் பெயர். செத்தவனுக்குத்தான் இவ்வளவு நல்ல துணியை விட்டுப்போக மனசு வரும் என்பது எங்கள் கணக்கு.

டியூபைக் கத்தரித்துப் பட்டைகளாக்கி அடிச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஆணி அடித்தாள். பழைய உறைகளின் தையலை பிளேடால் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதுத் துணியை வெட்டினாள். நுரையைவிட உறை அரை அங்குலம் சிறிதாக இருந்தால்தான் மெத்தை விம்மி நிற்கும். ரொட்டிக் கத்தியால் நுரையை அறுத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி உறைக்குள் வழுக்கிவிட்டு, தாளை மட்டும் வெளியே உருவினாள். ஒரு மெத்தை முடிந்தது. தள்ளி நின்று பார்த்தாள், கடையில் வாங்கியது போலவே இருந்தது. ஆனால் திரைத்துணியின் இழை அகலம், நுரைத்தூள் அதன் வழியாகவும் உதிர்ந்தது. உள்ளே ஒரு உறை வேண்டும். அதற்குத் துணி வாங்கக் கையில் ஒரு காசுகூட மிச்சமில்லை.

அப்போதுதான் பெட்டியில் இருந்த துணி ஞாபகம் வந்தது.

அம்போன்சாவின் வருஷத் திவசத்துக்கு அவன் படம் போட்டு அச்சடித்த துணி அது. வெள்ளையில் கறுப்பு. வட்டத்துக்குள் அவன் முகம், சுற்றிலும் 'போய் வாருங்கள், ஓட்டுநரே' என்ற எழுத்து. உறவினர்கள் வாங்குவார்கள் என்று கூடுதலாக அச்சடித்ததில் எட்டு கஜம் தேங்கிவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த மகள் டூஃபி, அம்மா அப்பாவைக் கத்தரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா! உனக்கு மூளை கலங்கிப்போச்சா? அப்பா மேல எல்லாரையும் உக்கார வைக்கப்போறியா?"

"முகத்தை விட்டுத்தான்டி வெட்டுறேன். எழுத்து மட்டும்தான் வரும். அதுவும் உள்ளாற."

"மேல செத்த வெள்ளைக்காரன், உள்ள செத்த அப்பா. எபோவோட வீட்டுக்காரங்களுக்கு நல்ல மரியாதைதான் போ."

"நீ அவனைக் கட்டிக்கணும்னுதான் இவ்வளவு பாடு. பேசாம வந்து பிளாஸ்டிக்கைப் பிடி."

ஐந்து மெத்தைகளுக்கு முகமில்லாத துண்டுகள் கிடைத்தன. ஆறாவதுக்கு மிஞ்சியது ஒரே துண்டு, அதன் நடுவில் முழு முகம். அந்த ஆறாவது நாற்காலியும் அம்போன்சாவுடையதுதான்.

முப்பது வருஷம் அஃபோ நிலையத்திலிருந்து ட்ரோட்ரோ என்கிற பயணிகள் வேன் ஓட்டியவன் அவன். தச்சனிடம் சொல்லித் தனக்கென்று ஒன்றரை ஆள் அகலத்துக்கு ஒரு நாற்காலி செய்துகொண்டான். ஆனால் உட்காருவது மட்டும் எப்போதும் இடது ஓரத்தில்தான். வண்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம், கதவில் முழங்கையை ஊன்றி ஊன்றி வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. வலது பக்கம் சும்மா கிடக்கும். "அது முன் சீட்டு, உனக்கு" என்று கல்யாணமான புதிதில் பிராகோவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வான்.

எழுந்து போகிறவர் இருக்கையைச் சாய்த்துவிட்டுப் போகவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். நிமிர்ந்த வெற்று இருக்கையில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தக் காலத்தில் சோபாவை எல்லாம் யார் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள்? ஆனால் அம்போன்சாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று பிராகோ அவன் நாற்காலியைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். இரண்டு வருஷமாக அது அப்படியே நின்றது. அதற்குக் காரணமும் இருந்தது.

எபோ முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது அவன் வலது கை முழுக்க மோட்டார் எண்ணெய். பயல் யோசிக்காமல் மாமனாராகப்போகிறவரிடம் இடது கையை நீட்டினான். அம்போன்சாவின் முகம் கறுத்தது. இடது கையை நீட்டியவனை எந்த அப்பன் பொறுப்பான்? நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து எழுந்து, வீடு அதிரக் கத்தினான். "நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கிற வரைக்கும் இவன் வீட்டாளுங்க பொண்ணு கேட்டு என் வாசல்ல வந்து 'உள்ள வரலாமா'ன்னு அகோ சொல்லக் கூடாது!" மூன்றாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டான். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க நேரமில்லாமல் போயிற்று. டூஃபிக்கு இப்போது இருபத்தொன்பது வயது. எபோ இரண்டு வருஷம் காத்திருந்தான்.

"அந்த நாற்காலியை விட்டுடலாமே" என்றாள் டூஃபி.

"வர்றவங்க கூடத்துல சாய்ச்ச நாற்காலியைப் பாத்தா என்ன நினைப்பாங்க? நேத்துதான் சாவு விழுந்ததுன்னு நினைப்பாங்க. அதுவும் போக, ஆள் கணக்குக்கு நாற்காலி பத்தலை."

பிராகோ முகத்தை உள்பக்கம், நுரையைப் பார்த்தபடி திருப்பித் தைத்தாள். புதன்கிழமை மாலை நாற்காலியை நிமிர்த்தி, பச்சை மெத்தையை வைத்து, கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். கட்டியான நுரை கையை எதிர்த்துத் தள்ளியது. அவளுக்குத் திருப்தி.

வியாழன் விடிந்ததும் கூடத்துக்கு வந்தாள். ஹர்மட்டான் காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றின் மேலும் மெல்லிய செம்புழுதி படியும். ஆறு மெத்தைகளும் லேசாகச் சிவந்திருந்தன. அகல நாற்காலியில் மட்டும், இடது ஓரத்தில், ஒரு பள்ளம். பள்ளத்தில் புழுதி இல்லை.

மட்ட நுரையைத் தலையில் கட்டிவிட்டான் என்று சுவாமேக்காரனைத் திட்டியபடி மெத்தையைப் புரட்டிப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் புரட்டிய பக்கத்திலும் இடது ஓரம் பள்ளமாகியிருந்தது. மெத்தையைச் சுற்றித் திருப்பி, நல்ல முனை இடது பக்கம் வரும்படி வைத்தாள். மத்தியானம் சந்தையிலிருந்து திரும்பிவந்து பார்த்தபோது அந்த முனையும் பள்ளமாகியிருந்தது. புழுதி படியாத வட்டம் அதே இடத்தில், ஒரு பெரிய மனிதனின் பின்புற அளவுக்கு இருந்தது.

"டூஃபி, நீ இதுல உக்காந்தியா?"

"நான் அது பக்கத்துலகூடப் போகலை. வேணும்னே சுத்திக்கிட்டுத்தான் போறேன்." டூஃபி சமையலறை வாசலைவிட்டு வரவில்லை. "காலையில அது முனகுச்சும்மா. டியூப் பட்டை முனகுச்சு. யாரோ புரண்டு உக்காந்த மாதிரி."

"புது ரப்பர். இறுகும்போது சத்தம் வரும்" என்று பிராகோ பூசி மெழுகினாள்.

சனிக்கிழமை அவள் உறையைப் பிரித்து, லாரி ஓட்டுநர் இருக்கையிலிருந்து வந்த கல் மாதிரியான நுரையைத் தேடி எடுத்து உள்ளே திணித்தாள். உள்துணியை மாற்றத்தான் வேறு துணி இல்லை. மெத்தையை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டப்பகலில், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்டுக்குட்டிகள் கத்தின. பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்கு உரலில் ஃபுஃபுக் கிழங்கு இடிக்கும் சத்தம் நிதானமாகக் கேட்டது. இடித்து முடிவதற்குள் பச்சைத் துணியின் இடது ஓரம் மெல்ல, மிக மெல்ல, இறங்கியது. அடியில் ரப்பர் பட்டை முனகியது. எழுந்துபோய் அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.

பிராகோவுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

"உன்னை நான்தான் உக்கார வெச்சேன், ஒத்துக்கறேன். ரெண்டு வருஷம் சாய்ச்சு வெச்சதை நிமித்தி, உன் மூஞ்சியையும் உள்ள வெச்சுத் தெச்சது நான்தான். பஞ்சத்துல பண்ணின தப்பு. ஆனா இது உன் பொண்ணுய்யா. நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், எழுந்திரு."

பள்ளம் அப்படியே இருந்தது. நாற்காலியைச் சாய்க்கப் பார்த்தாள். மூன்று நாள் முன்பு ஒற்றை ஆளாக நிமிர்த்திய நாற்காலி தரையைவிட்டு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து, சாப்பாடும் ஆன பிறகு வாசலில் குரல் கேட்டது. "அகோ!"

பிராகோவின் அண்ணன் என்சியா, பெண்ணுக்குத் தாய்மாமன், குடும்பத்தின் சார்பில் பேச வந்தவர், தொண்டையைக் கனைத்து "அமே! உள்ள வாங்க" என்றார். முன்னால் எபோவின் அத்தை அரபா, குள்ளமான கலகலப்பான பெண்மணி. பின்னால் மூன்று சித்தப்பாக்கள், கையில் ஷ்னாப்ஸ் மது பாட்டில்கள். கடைசியில் எபோ. அவன் இடது கை கால்சட்டைப் பைக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது. வெளியே எடுத்தால் வெட்டிவிடுவேன் என்று அத்தை சொல்லி அழைத்து வந்திருப்பாள்.

"அடேயப்பா, எவ்வளவு அழகான நாற்காலிங்க! புதுசா?" என்றபடி அரபா நேராக அகல நாற்காலியைப் பார்த்து நடந்தாள். திரும்பி, முட்டியை மடக்கி, உட்காரப் போனவள் சட்டென்று நிமிர்ந்தாள். "மன்னிச்சுக்கங்க, ஐயா" என்றாள் மரியாதையாக. பிறகு திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"யாரோ இருந்த மாதிரி..." என்று முனகிக்கொண்டு தள்ளிப்போய் வேறொன்றில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் கலகலப்பு போன இடம் தெரியவில்லை. மற்றவர்களும் மிச்சமிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எபோ நின்றான், பிராகோவும் டூஃபியும் நின்றார்கள். அகல நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அப்படித்தான் மற்றவர்கள் கண்ணுக்கு.

வந்த காரியத்தை அரபா சொன்னாள். தங்கள் வீட்டுப் பையன் இந்த முற்றத்தில் ஒரு பூவைப் பார்த்ததாகவும், வேலி தாண்டிப் பறிக்காமல் முறையாகக் கேட்டுப் போக வந்திருப்பதாகவும் சொன்னாள். பாட்டில்கள் மேசைக்கு வந்தன. என்சியா மருமகளை நடுவில் கூப்பிட்டார். மூன்று தடவை கேட்கவேண்டும், மூன்று தடவையும் பெண் தன் வாயால் சொல்லவேண்டும். ஒன்று தவறினாலும் பாட்டில்கள் வந்த வழியே திரும்பிவிடும்.

"டூஃபி, இந்த ஷ்னாப்ஸை நாங்க வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கங்க மாமா."

"குடிச்சப்புறம் வாந்தியெடுக்க முடியாதும்மா. நல்லா யோசி. வாங்கிக்கலாமா?"

சிரிப்பு எழுந்தது. "வாங்கிக்கங்க மாமா."

"மூணாவது, கடைசித் தடவை கேக்கறேன்."

டியூப் பட்டை முனகியது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. மெத்தையின் பள்ளம் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்தது. நாற்காலியின் இரண்டு மரக் கைகளும் கிறீச்சிட்டன. பிராகோவுக்கு அந்த அசைவு தெரியும். முப்பது வருஷம் பார்த்தது. கைகளைப் பிடித்து, முன்னால் சாய்ந்து, எழுந்து, கத்தப்போகிறான்.

டூஃபி நாற்காலியைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. என்சியா காத்திருந்தார். சித்தப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரபாவின் கை பாட்டிலை நோக்கி மெல்ல நீண்டது.

பிராகோ நாலு எட்டில் கூடத்தைக் கடந்தாள். நெரிசலான ட்ரோட்ரோவில் இடுப்பால் இடித்து இடம் பிடிக்கிற மாதிரி, நாற்காலியின் வலது பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "தள்ளி உக்காரு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. இடது விலாவில் ஒரு பெரிய உடம்பின் பாரம் வந்து அழுத்தியது. டீசல் நாற்றமும், அவன் மெல்லும் கோலாக் கொட்டையின் நாற்றமும் வீசின. அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த நாற்காலியில உக்காந்திருக்கிறது நான். இது என் இடம், அவரே குடுத்தது. இதுல உக்காந்து நான் சொல்றேன், என் வாசல்ல இவங்க அகோ சொல்லலாம். இப்ப அவளைக் கேளுங்க."

கைகளின் கிறீச்சொலி நின்றது. விலாவில் இருந்த பாரம் மெல்லப் பின்னால் சாய்ந்தது. டூஃபி அம்மாவை மட்டும் பார்த்தாள்.

"வாங்கிக்கங்க மாமா" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். எபோ சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டு, அத்தையின் பார்வையைக் கண்டு இடது கையை அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஈஸ்டர் முடிந்த முதல் சனிக்கிழமை கல்யாணம் என்று பேச்சு முடிந்தது. அவர்கள் போகும்வரை பிராகோ அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எழுந்தபோது அவள் இடது தோள் மரத்துப் போயிருந்தது. பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுததில், பாத்திரம் கழுவியதில், நாற்காலியைச் சாய்க்கவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

திங்கள் விடிந்ததும் கூடத்துக்கு வந்தாள். புழுதி எங்கும் படிந்திருந்தது. அகல நாற்காலியின் மெத்தையில் இப்போது இரண்டு பள்ளங்கள். இடது பக்கத்தில் பெரியது. அதை ஒட்டி வலது பக்கத்தில் ஒன்று, அதைவிடச் சிறியது. இரண்டிலும் புழுதி இல்லை. கல் மாதிரியான நுரை, ஒரு மணி நேரம் உட்கார்ந்ததற்கு இப்படி அமுங்காது. அவள் தன் இடுப்பை முழம் போட்டுப் பார்த்தாள், பிறகு சின்னப் பள்ளத்தை. சரியாக இருந்தது. அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. தன் இடம் என்று வாயால் சொல்லியும் ஆகிவிட்டது. ஏறினவள் வண்டியோடு போய்த்தான் ஆகவேண்டும்.

நாற்காலியைத் தூக்கினாள். அசையவில்லை. பிராகோ கட்டியிருந்த துணியின் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்தையில் நிற்கிற மாதிரி கால்களை அகட்டி நின்றாள்.

"பத்து வருஷம்" என்றாள். "பத்து வருஷம் கழிச்சு வரேன்."

தூக்கிப் பார்த்தாள். ஆணி அடித்தது போல நின்றது.

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பேரப்பிள்ளை முகத்தைப் பாத்துட்டு வரேன். ஒரே ஒரு பிள்ளை."

நாற்காலி அசையவில்லை. பட்டைகூட முனகவில்லை. எதிராளி விலையைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் மகள் தூங்கும் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"கல்யாணம்" என்றாள். "அவ கல்யாணம் முடியட்டும். அது வரைக்கும் நீ சாய்ஞ்சு கிட."

கை வைத்தாள். நாற்காலி ஒற்றைக் கையில் கூடைபோல எழும்பி வந்தது. அதைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

அறைக்குள்ளிருந்து டூஃபி தூக்கக் கண்ணோடு, கையில் போனோடு வந்தாள்.

"அம்மா, எபோதான். ஈஸ்டருக்குள்ள அவங்க வீட்டுக் கூரை வேலை முடியாதாம். டிசம்பருக்குத் தள்ளி வெச்சுக்கலாமான்னு அத்தை கேக்கச் சொன்னாங்களாம். எனக்குன்னா ஈஸ்டரே நல்லதுன்னு படுது. ஆனா நீ சொல்றதுதான். என்னம்மா, தள்ளி வெச்சுக்கலாமா?"

டிசம்பர் என்றால் அவளுக்கு இன்னும் எட்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். பிராகோ சுவரோரம் சாய்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். இரண்டு வருஷம் காத்திருந்த மகளைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் யாராவது தெரியாமல் அதை நிமிர்த்திவிட்டால், அவன் மறுபடி எழுந்து நின்றால், இந்தப் பெண்ணின் வாய் மறுபடி அடைத்துப்போகும். வாழ்நாளில் முதல்முறையாக அவள் பேரம் பேசவில்லை.

"வேணாம்மா" என்றாள். "ஈஸ்டருக்கே வெச்சிடச் சொல்லு."